ஒரு சாண் திறந்திருக்கட்டும்

பிலோமினா அக்கா காலமான செய்தி வந்தபோது, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் வேலை செய்த பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் முழங்காலிட்டு, மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் பனியுடுப்புச் சிப்பைக் கழுத்தை நோக்கி மேலே இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். சிப் பாதி தூரம் வந்திருந்தது. பையில் தொலைபேசி அதிர்ந்தது. அக்காவின் மகள் மெலனி.

“அன்ரி, அம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா,” என்றாள். “நான் பக்கத்திலைதான் இருந்தனான். கஷ்டப்படேல்லை.”

“ஓம்,” என்றேன். சிறுமி என் சட்டையைப் பிடித்து இழுத்து, சிப்பைக் காட்டி, மூடு என்று நொர்வேஜிய மொழியில் கேட்டாள். நான் மூடவில்லை. கழுத்தடியைத் திறந்தபடி விட்டு அவளை வெளியே அனுப்பினேன். அக்காவோடு வேலை செய்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கியிருக்கும். விளங்காதவர்களுக்காக, அவரது முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னது மெலனி. மாட்டேன் என்று சொல்லத்தான் முதலில் தோன்றியது. ஏனென்று போகப்போகத் தெரியும்.

அக்கா யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் ஒஸ்லோவுக்கு வந்தார். உணவகத்தில் பாத்திரம் கழுவினார், அலுவலகங்களைத் துப்புரவு செய்தார், மொழி படித்தார், பிறகு காப்பகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். கணவர் இளவயதிலேயே போய்விட, மெலனியைத் தனியே வளர்த்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீர் எங்கை இருக்கிறீர்?” என்று கேட்டார். ஹவுகெட்டோ என்றேன்.

“நானும் அங்கைதான். நாளையிலையிருந்து என்ரை காரிலை வாரும். யன்னலைப் பற்றி மட்டும் கதைக்கக்கூடாது.”

அதன் கனம் தை மாதத்தில்தான் எனக்கு உறைத்தது. வெளியே மூக்கு விறைக்கும் குளிர், காரின் யன்னலோ ஒரு சாண் திறந்திருக்கும். நான் குளிருக்குப் பயந்தவள். வாயும் சும்மா இராது. “அக்கா, ஹீட்டரை ஆருக்குப் போட்டிருக்கிறியள்? ரோட்டுக்கோ?” என்பேன். “ஓம், அதுக்கும் குளிரும்தானே,” என்பார். அப்படித்தான் பத்து வருடத்துக்கு மேல் வேலைக்குப் போய் வந்தோம்.

வீட்டுக் கதவானாலும் குளியலறைக் கதவானாலும் அவருக்கு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். லிஃப்டில் ஏறமாட்டார். பிள்ளைகளின் கழுத்துச் சிப்பை முழுதாகப் பூட்டுவதில்லை என்று பெற்றோர் சிலர் முறையிட்டதும் உண்டு. ஆனால் இந்த நாட்டில் கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் நன்றாகப் போர்த்தி, பனிக்காலத்திலும் வெளியே உறங்கவிடுவார்களே, அந்த வழக்கம் அக்காவுக்கு மிகவும் பிடிக்கும். “அறிவுள்ள சனம்,” என்று பாராட்டுவார். எல்லாவற்றையும் அவருடைய ஒரு பழக்கம் என்றே நான் நினைத்திருந்தேன்.

காப்பகத்தின் பணியாளர் அறையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் ஒரு மாதத்துக்கு மச்சு பிச்சுவின் படம், பெரு நாட்டு மலையுச்சியில் இன்கா மக்கள் கட்டிவிட்டுப் போன பழைய ஊர். மாதம் முடிந்த பின்னும் அந்தத் தாளைத் திருப்ப அக்கா விடவில்லை.

“வடிவாப் பாரும் சுகந்தி. ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. வாசல் இருக்கு, கதவு இல்லை. ஊர் முழுக்க வானத்தைப் பாத்துக்கொண்டு கிடக்கு.” பிறகு, கடைக்குப் போய் பால் வாங்கி வருவதைப் பற்றிச் சொல்கிற குரலில், “நான் அங்கை ஒருக்கால் போகவேணும். பஸ்ஸிலை இல்லை, நடந்து. நீரும் வாரும்,” என்றார்.

இரண்டு வருடம் காப்பகத்துக்குப் பின்னாலுள்ள காட்டில் நடந்து பழகினோம். பெருவுக்குப் போனபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது, எனக்கு நாற்பத்தெட்டு. நான்கு நாள் மலைநடை. வழிகாட்டி எட்கர் என்ற இளைஞர், எங்களோடு எட்டு நொர்வேஜியர்கள். அவர்கள் எல்லாருக்கும் கால் நீளம். கற்படிகளில் பாதி என் முழங்கால் உயரம். கூடாரங்களையும் அடுப்புகளையும் முதுகில் கட்டிய சுமையாளர்கள் எங்களைக் கடந்து ஓடினார்கள். நான் பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவேன். அக்கா மேலே நின்று, “கெதியா வாரும், ஊரைப் பூட்டப் போறாங்கள்,” என்று கேலி செய்வார்.

எங்கள் இருவருக்கும் ஒரே கூடாரம். முதல் முகாமிலேயே சண்டை வந்தது. சிப்பை ஒரு சாண் திறந்து விட்டுப் படுத்தார். காற்று நேரே என் தலைமாட்டுக்கு வந்தது. “அக்கா, இது கார் இல்லை,” என்றேன். “அப்ப நான் வெளியிலை படுக்கிறன்,” என்று எழுந்து உண்மையாகவே படுக்கைப் பையைச் சுருட்டத் தொடங்கினார். நான் விட்டுக்கொடுத்தேன்.

இரண்டாம் நாள், பாதையிலேயே மிக உயர்ந்த கணவாய். செத்த பெண்ணின் கணவாய் என்று அதற்குப் பெயர் என்றார் எட்கர். தூரத்திலிருந்து பார்த்தால் மலைமுகடு மல்லாந்து படுத்த ஒரு பெண்ணைப் போலத் தெரியும். அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “குடுத்து வைச்சவா. வெளியிலை படுத்திருக்கிறா,” என்றார். கணவாயின் மேல் ஒரு கல்லில் உட்கார்ந்து கொக்கா இலைத் தேநீர் குடிக்கும்போதுதான், நான் கேளாமலே, காரணத்தைச் சொன்னார்.

பத்தொன்பது வயதில், ஷெல் அடிக்குப் பயந்து அவரும் தங்கை றீற்றாவும் பக்கத்து வளவுப் பதுங்குகுழிக்குள் இறங்கியிருக்கிறார்கள். வாசலில் மண் சரிந்து மூடிவிட்டது.

“ஒரு சாண் மட்டும் மூடேல்லை. அதிலை மாறி மாறி முகத்தை வைச்சு மூச்சு விட்டனாங்கள். காலமையிலையிருந்து பின்னேரம் மட்டும். ஆக்கள் வந்து கிண்டி எடுக்கேக்கை என்ரை முறை.”

றீற்றா உயிரோடு வெளியே வரவில்லை. அக்கா அழாமல் சொன்னார். கோப்பையில் மிச்சமிருந்த தேநீரை ஊற்றிவிட்டு, “இனிச் சிப்பைப் பற்றிக் கதைக்கமாட்டீர்தானே,” என்றார். மாட்டேன் என்றேன். ஆகவே எனக்குத் தெரிந்திருந்தது. இதை நான் மறைக்கக்கூடாது. எல்லாம் தெரிந்த பிறகுதான் அதைச் செய்தேன்.

மூன்றாம் நாள் விடியும்போதே மழை. கணவாய்க்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கில் எங்கள் முகாம். முன்னால் பாதையில் மண் சரிந்துவிட்டது என்று எட்கர் வந்து சொன்னார். பின்னால் கணவாயை முகில் மூடியிருந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது, அவரவர் கூடாரத்துக்குள் இருங்கள் என்றார். நான்கு பக்கமும் மலை, மலையையும் காணமுடியாத பனிப்புகார். கால் நீட்டினால் துணி இடிக்கும் கூடாரத்துக்குள் அக்கா அந்த ஒரு சாண் இடைவெளியில் முகத்தை வைத்தபடி நாள் முழுக்க இருந்தார். அது வழியாகச் சாரல் அடித்து என் படுக்கைப் பையின் கால்மாடு நனைந்தது. எனக்குப் பல் கிட்டியது. அவர்மேல் பரிதாபம் இருந்தது. கோபம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

பின்னேரம் அக்கா கண்ணயர்ந்தார். இரண்டு நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணித்தியாலம் மூடுவோம், கால் சூடேறட்டும், அவர் எழும்புவதற்குள் திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சத்தம் கேட்காமல், ஒவ்வொரு பல்லாக, சிப்பைக் கீழ்வரை இழுத்தேன். கூடாரம் வெதுவெதுப்பானது. நானும் தூங்கிப்போனேன்.

ஒரு குரல் கேட்டு விழித்தேன். “றீற்றா, றீற்றா” என்று அக்கா கூடாரத் துணியை இரண்டு கையாலும் விறாண்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிப் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நான் தட்டுத்தடுமாறித் திறந்ததும் என்னை மிதித்துக்கொண்டு வெறுங்காலோடு மழைக்குள் ஓடினார். ஈரக் கற்படியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் முறிந்தது.

எட்கர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கழிப்பறைக்குப் போக வெளிக்கிட்டு வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

“நீர் நித்திரை. உமக்கு ஒண்டும் தெரியாது.”

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் மூடிய இரண்டாவது பொருள் அது.

அடுத்த நாள் மழை விட்டது. பாதையில் சரிந்த மண்ணை விலக்கியபின் குழு முன்னால் போனது. ஆறு சுமையாளர்கள் அக்காவைத் தூக்குப்படுக்கையில் வைத்து, வந்த வழியே கணவாயைத் தாண்டித் தூக்கிச் சென்றார்கள். “நீர் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லும்,” என்றார். நான் கேட்கவில்லை, அவருக்குப் பின்னாலேயே நடந்தேன். கணவாயின் மேல் சுமையாளர்கள் மூச்சு வாங்க நின்றபோது, மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி, “சுகந்தி, இப்ப நானும் அவவும் ஒண்டு,” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குஸ்கோ நகரில் காலுக்குக் கட்டுப் போட்டு, அங்கிருந்தே ஒஸ்லோவுக்குத் திரும்பினோம். கூரையில்லாத ஊரை அவர் காணவில்லை.

அதன்பின் ஐந்து வருடம் அவர் அந்தச் சிப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பிறந்தநாள் விழாக்களில் விழுந்த கதையைப் பகிடியாகச் சொல்வார். முடிவில், “பாவம் சுகந்தி, எனக்காக ஊரைப் பாக்காமல் திரும்பி வந்தவா,” என்பார். சபை என்னை நல்ல மனுஷியாகப் பார்க்கும். யாராவது கையைப் பிடித்துப் பாராட்டுவார்கள். அப்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும். அந்தப் பாராட்டுக்குள் நான் அகப்பட்டுக் கிடந்தேன். வெளியே வருவதானால் அவர் எனக்காகச் சொன்ன பொய்யை உடைக்க வேண்டும். உடைக்க எனக்குத் துணிவு வரவில்லை. காரில் யன்னல் ஒரு சாணுக்கு மேல் திறந்திருந்தாலும் முன்போலக் கேலி செய்வதை விட்டேன். நான் மன்னிப்புக் கேட்ட முறை அவ்வளவுதான்.

போன வருடம் நோய் வந்தது. மறுபடியும் பெருவுக்குப் போவோம் என்ற பேச்சு அதோடு நின்றது. கடைசி வாரங்களில் அவர் இருந்த மருத்துவமனை அறையின் யன்னல்கள் திறக்க முடியாதவை. நான் அவருடைய ஒற்றைக் கால் சப்பாத்தைக் கதவிடுக்கில் வைத்துவிடுவேன். தாதிமார் எடுத்து வைப்பார்கள், நான் திரும்ப வைப்பேன். ஒருநாள் இருவர் மட்டும் இருக்கையில் தொடங்கினேன்.

“அக்கா, அண்டைக்கு அந்தச் சிப்...”

“எந்தச் சிப்?” என்றார். “எனக்கு ஒரு சிப்பும் தெரியாது. உமக்குக் குளிருது போலை கிடக்கு, அந்தப் போர்வையை எடுத்துப் போடும்.”

அதற்கு மேல் என்னைப் பேசவிடவில்லை. மூன்று நாளில் போய்விட்டார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டச் சிற்றாலயத்தில், வழியனுப்பச் சிலர் மட்டும் நின்றோம். பெட்டி திறந்திருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட பணியாளர், மூடியை வைக்கக் குடும்பத்தில் யாராவது விரும்புகிறீர்களா என்று மெல்லக் கேட்டார். இங்கே அப்படிக் கேட்பது வழக்கம். மெலனி என் பக்கம் திரும்பினாள்.

“அன்ரி, நீங்கள்தான் மூடவேணும். அம்மா சொன்னவா.”

“என்னெண்டு சொன்னவா?”

“‘சுகந்தி மூடட்டும், அவ சத்தமில்லாமல் மூடுவா’ எண்டு சொல்லிப்போட்டு ஒரே சிரிப்பு. ஏனம்மா எண்டு கேட்டனான். சொல்லேல்லை.”

சத்தமில்லாமல் மூடினேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தூங்கியவருக்குத் தெரியாது. அக்கா தூங்கவில்லை. நான் ஒவ்வொரு பல்லாக அந்தச் சிப்பை இழுப்பதைக் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். எனக்குக் குளிருகிறது என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். நான் சுகமாகத் தூங்கிய நேரமெல்லாம் இருட்டுக்குள் தாக்குப்பிடித்துப் பார்த்திருக்கிறார், முடியாமல் போகும்வரை.

மெலனி, ஏன் சிரிக்கிறீர்கள் என்று நீ அம்மாவிடம் கேட்டாய். அதற்கு விடை இதுதான். கால் முறிந்ததும், அவர் ஆசைப்பட்ட ஊரைக் காணாமல் திரும்பியதும் என்னால். இந்த மலரை வாசிக்கிற எல்லாரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் திரும்பி வந்தது பெருந்தன்மையால் அல்ல. நல்ல மனுஷி அந்தக் கூடாரத்தில் ஒருத்திதான் இருந்தார்.

பணியாளர் ஒரு முனையையும் நான் மறு முனையையும் பிடித்து மூடியைத் தூக்கினோம். இறக்கும்போது, ஒரு சாண் இருக்கையில் நிறுத்தும்படி கேட்டேன். அவர் ஏனென்று கேட்காமல் நிறுத்தினார். நான் குனிந்து, அந்த இடைவெளிக்குள் முகத்தை வைத்தேன்.

“அக்கா, மூடட்டோ?” என்று கேட்டேன்.

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், ஓம், மூடும், உமக்குக் குளிருது என்றுதான் சொல்லியிருப்பார். பணியாளர் தன் பிடியை மாற்றும்வரை பொறுத்திருந்தேன். பிறகு, அவர் சொன்னபடியே, சத்தமில்லாமல் மூடினேன். வெளியே வரும்போது சிற்றாலயத்தின் கதவை மட்டும் சாத்தவில்லை.

போய் வாருங்கள், அக்கா.