பிரஷர் சாரின் வேர்வைப் பெட்டி

மாடி அறை வாடகைக்கு என்று எழுதிய அட்டையைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கோப்பைப் பார்த்தார்.

"அசலா, நகலா?"

"அசல்தான் சார்."

பட்டச் சான்றிதழை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். முத்திரையை நகத்தால் தடவிப் பார்த்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் தாளை எத்தனையோ பேரிடம் நீட்டியிருக்கிறேன். எனக்கு ஆய்வக உதவியாளர் வேலை கொடுத்த கல்லூரிக்காரர்கள்கூட அதை ஒரு கண்ணால்தான் பார்த்தார்கள். முன்னும் பின்னும் திருப்பிப் படித்தவர் இவர் ஒருவர்தான். அந்த மரியாதையில் குளிர்ந்துபோய் அறையைப் பார்க்காமலே சம்மதித்தேன். அறை ஜன்னலைச் சாத்த முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

"இயற்பியல்," என்றார். "அப்ப வெப்பம் தெரியும்."

"தெரியும் சார்," என்றேன். அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் ஓய்வுபெற்ற கொதிகலன் ஆய்வாளர். முப்பத்து நான்கு வருடம் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், கொதிகலன்களைத் தட்டிப் பார்த்து, அழுத்தமானியைப் படித்து, சரியில்லை என்றால் சிவப்பு அட்டை கட்டி ஈயமுத்திரை வைத்துவிட்டு வந்தவர். தெருவில் அவருக்குப் பெயர் பிரஷர் சார். அவர் காதுபடவே சொல்வார்கள்; அவரும் அதைப் பதவியுயர்வு போல ஏற்றுக்கொண்டிருந்தார்.

ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. ஆய்வு செய்ய வீட்டைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை. குழாய் சொட்டுகிறதா, கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய்க்கு எத்தனை வயது, கதவு ஏன் முனகுகிறது என்று நாள் முழுக்கக் கேள்விகள். பதில் சொல்ல வேண்டியவர் அவர் மனைவி. அவரைத் தெரு தையல் டீச்சர் என்று அழைத்தது. பன்னிரண்டு வருடமாகக் கூடத்தில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே, தரையில் முட்டி போட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு வருவார். கோடு சோபாவை நெருங்கும்போது, "கால" என்பார். பிரஷர் சார் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார். துணி அடியில் போகும். கால் இறங்கும். அதோடு ஒரு கேள்வியும் இறங்கும்: "அந்தக் கத்தரி ஏன் தரையில கெடக்கு?"

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் பின்னறை காலியானது. அதில் மூன்று மெஷின் போட்டு, நின்றபடி வெட்ட ஒரு மேசை போட்டு வகுப்பு நடத்துவது என்று டீச்சர் முடிவு செய்தார். ஆறு பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். மேசைக்கு அளவெடுக்கத் தச்சர் வரவேண்டிய அன்று வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஆறு அட்டைப்பெட்டிகள் இறங்கின. வீட்டிலேயே பயன்படுத்தும் இன்ஃப்ராரெட் சானா, அதாவது உள்ளே உட்கார்ந்து உடம்பை வேர்க்க வைக்கும் சூட்டுப் பெட்டி. மரப்பலகைகளைக் கோர்த்து நிமிர்த்தினால், பெரிய துணி அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு உள்ளே ஒரு பெஞ்சும் போட்ட மாதிரி இருந்தது. அதை வைக்க அந்த வீட்டில் ஒரே இடம்தான் உண்டு. மகளுக்காக ஏசி மாட்டியிருந்ததால் பின்னறைக்கு மட்டும்தான் கனமான மின் இணைப்பு இருந்தது.

"பின்னறை எனக்குன்னு சொன்னீங்க," என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார்.

"முப்பது நாள் பாக்கலாம். புடிக்கலைன்னா கம்பெனிக்காரனே வந்து தூக்கிட்டுப் போயிடுவான்."

"யாருக்குப் புடிக்கலைன்னா?"

பிரஷர் சார் யோசித்தார். நியாயஸ்தர் என்ற பெயரை அவர் முப்பத்து நான்கு வருடம் காப்பாற்றியிருக்கிறார். "உனக்குன்னே வச்சுக்க. கையேட்டுல ஒன்பது பலன் போட்டிருக்கான். முப்பது நாளுக்குள்ள அதுல ஒண்ணாவது இருக்குன்னு நீயே கையெழுத்துப் போட்டா பெட்டி இருக்கும். போடலைன்னா அறை உனக்கு."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் சாட்சியாக என் கையெழுத்தும், அதன் கீழே என் வற்புறுத்தலின் பேரில் என் பட்டமும் இருக்கின்றன.

எலக்ட்ரீசியன் வந்தார். விளக்குக்கு ஒரு இணைப்பு, ஹீட்டருக்குத் தனியாக ஒரு கனமான இணைப்பு. விளக்கைக் கொடுத்துவிட்டு ஹீட்டர் பக்கம் போனபோது பிரஷர் சார் கையை நீட்டித் தடுத்தார்.

"எர்த் டெஸ்ட் ரிப்போர்ட் எங்க?"

"மீட்டர் கடையில இருக்கு சார். அப்புறமா எடுத்துட்டு வந்து பாத்துக்கலாம்."

"அப்ப ஹீட்டரும் அப்புறமாதான்."

பீரோவிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்தார். அதில் பழைய அலுவலகச் சிவப்பு அட்டைகளும் ஈயவில்லைகளும் முத்திரைக் குறடும் இருந்தன. ஓய்வுபெறும்போது எல்லோரும் கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு போவார்கள். இவர் இதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். சானாப் பெட்டியின் பின்பக்கச் சுவரில் இருந்த ஹீட்டர் ஸ்விட்ச்சில், 'ஆய்வு நிலுவை, இயக்காதே' என்ற அட்டையைக் கம்பியால் கட்டி, ஈயத்தை வைத்து அழுத்தினார். வேலை பார்த்த காலத்து முகம் ஒரு நிமிடம் அவருக்குத் திரும்பி வந்தது.

நான்காம் நாள் அவர் வெளியே போயிருந்தபோது எலக்ட்ரீசியன் மீட்டரோடு வந்து, சோதித்து, ஹீட்டர் இணைப்பையும் கொடுத்து, எல்லாம் சரி என்று ஒரு சீட்டு எழுதி டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிரஷர் சார் திரும்பி வந்ததும் சீட்டைப் படித்தார். அதற்கென்றே கோடு போட்டு வைத்திருந்த பதிவேட்டைத் திறந்து, 'சோதனை திருப்தி. முத்திரையை அகற்றலாம்' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, கூடத்து மேசைமேல் வைத்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். சிவப்பு விளக்கு எரிந்தது. மெல்லிய சங்கீதம் வந்தது. திரையில் ஐம்பத்தைந்து டிகிரி என்று எண் நின்றது.

அன்றிலிருந்து தினமும் மாலை நாலரை முதல் ஐந்தே கால் வரை அவர் பெட்டிக்குள் இருந்தார். கோடைக்காலம். அடைத்த கண்ணாடிக் கதவு, மூடிய அறை. வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் ஒரு வாரத்தில் சந்தேகம் வந்துவிட்டது. தன் பழைய வெப்பமானியை உள்ளே கொண்டுபோனவர், அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"தம்பி, முப்பத்தி நாலுதான் காட்டுது. ஐம்பத்தஞ்சு எங்க போச்சு?"

என் பட்டத்துக்கு வேலை வந்துவிட்டது. "சார், வெப்பமானி அளக்கறது காத்தை. அகச்சிவப்புக் கதிர் காத்தைப் பெருசா சூடாக்காது. நேரா உடம்புக்குள்ள போயிடும். வெளிய சூடு தெரியலைன்னா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை என் பேராசிரியர்கள் யாரிடமும் நான் கண்டதில்லை. "படிச்ச புள்ள," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாலைந்து நாள் கழித்து எனக்கும் ஒருமுறை உள்ளே உட்காரும் வாய்ப்பைக் கொடுத்தார். கதிர் எலும்புவரை இறங்குவதை நான் தெளிவாக உணர்ந்தேன். அதை டீச்சரிடம் சொன்னேன், அம்மாவிடமும் போனில் விவரித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெயில்ல நின்னு வேர்க்கக் கூடாதுன்னுதான உன்னைப் படிக்க வச்சேன். இப்பப் பெட்டிக்குள்ள போயி வேர்க்குறியா?" என்று கேட்டாள். அறிவியல் எல்லாருக்கும் உடனே புரிவதில்லை.

பதிவேடு வளர்ந்தது. 'நாள் 9: உறக்கம் நன்று. நாள் 13: மூட்டு. படியில் முன்பு இரண்டு முறை நின்று ஏறினேன், இன்று ஒரே முறை. நாள் 17: தோல். கண்ணாடியில் முன்னேற்றம் தென்படுகிறது.' ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மனைவியின் ஒப்புதல்' என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு மாலையும் துடைத்துக்கொண்டே வந்து கன்னத்தைக் காட்டுவார்.

"பளபளன்னு இல்ல?"

"வேர்வை பளபளக்கும். காயட்டும்."

"மூட்டு?"

"நேத்து எந்திரிக்கறப்ப அம்மான்னு கத்துனது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

நாட்கள் நெருங்க நெருங்க நானும் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். டீச்சர் கையெழுத்துப் போட்டால் ஆறு பெண்களுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். மறுபடி கூடம், மறுபடி முட்டி. போடாவிட்டால் இந்த மனிதர் மாலை நாலரைக்கு எங்கே போவார்? பெட்டிக்குள் போக ஆரம்பித்த பிறகு அவர் அடுப்புக் குழாயின் வயதைக் கேட்டு நான் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் மாலை. சாட்சி என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். பிரஷர் சார் குளித்துச் சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார். டீச்சர் பதிவேட்டை எடுத்து, முதல் பக்கத்தில் அவர் கையேட்டிலிருந்து எழுதி வைத்திருந்த ஒன்பது பலன்களையும் விரல் வைத்துப் படித்து, மூன்றாவதன் எதிரே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிரஷர் சார் சோபாவிலிருந்து கிட்டத்தட்ட எழுந்துவிட்டார். மூட்டு அனுமதிக்கவில்லை. "நான் சொல்லல?" என்றார் என்னிடம்.

"என்ன எழுதியிருக்கேன்னு படிங்க," என்றார் டீச்சர்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "மன அமைதி. உண்டு. எனக்கு." நிமிர்ந்தார். "எனக்குன்னா?"

"எனக்குத்தான். தினமும் முக்கால் மணி நேரம் இந்த வீட்டுல ஒருத்தரும் என்னைக் கேள்வி கேக்கல. கல்யாணமான நாள்லேர்ந்து இப்பதான். பொய் சொல்லக் கூடாதில்ல, அதான் போட்டேன். இப்ப எந்திரிச்சு வாங்க."

பின்னறையில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே டார்ச் அடித்துக் காட்டினார். சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஈயமுத்திரை பத்திரமாக இருந்தது. பிரஷர் சார் தன் கையெழுத்தைத் தானே படித்தார்: 'இயக்காதே.' இத்தனை நாளும் எரிந்தது விளக்கு மட்டும்தான்; திரையில் நின்ற ஐம்பத்தைந்து, அவர் வேண்டும் என்று பதிந்து வைத்த சூடு.

"நான்தான் அகற்றலாம்னு எழுதினேனே," என்றார்.

"எழுதினீங்க. யாரு அகற்றணும்?"

"அது… உதவியாளர் போயி வெட்டுவான்."

"எந்த உதவியாளர்?"

முப்பத்து நான்கு வருடத்தில் அவர் கட்டிய முத்திரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்றைக்கூட அவர் அவிழ்த்ததில்லை. அவர் எழுதுவார், யாரோ போய் வெட்டுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். 'குழாய் சொட்டுகிறது' என்பார், சொட்டு நின்றுவிடும். அந்த யாரோ இந்த முறை பதிவேட்டைப் படித்துவிட்டு, மூடி, மேசைமேலேயே வைத்துவிட்டார்.

"எலக்ட்ரீசியன் அன்னைக்கே சொல்லிட்டாரு, ஆபீசர் வச்ச சீலை நான் தொடமாட்டேன்னு. நானும் தொடல," என்றார் டீச்சர். "தம்பி வேற கதிர் எலும்புக்கு எறங்குதுன்னாரு. படிச்சவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். அது நல்ல சுவர்.

பிரஷர் சார் தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் அல்ல. முத்திரையைத் தானே வெட்டுவதாகச் சொன்னார். கம்பி அவர் கைக்கு மசியவில்லை. டீச்சரின் கத்தரியைக் கேட்டார். "துணி வெட்டுற கத்தரி, கம்பி பக்கமே போகாது," என்று பதில் வந்தது. கடைசியில் நகவெட்டியால் பத்து நிமிடம் கடித்து எடுத்தார். ஸ்விட்ச்சைப் போட்டு, சூடேறட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்து, முதல்முறையாக உண்மையான சானாவுக்குள் போனார். ஏழாவது நிமிடம் கதவு திறந்தது. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"முப்பத்தி நாலு வருஷம் கொதிகலனுக்கு வெளிய நின்னவன் நான்," என்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு. "உள்ள போகச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடல."

தண்ணீர் குடித்துவிட்டுத் தகரப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். டீச்சர் அசையவில்லை. அவரே போய் எடுத்துவந்து, புது அட்டை கட்டி, ஈயம் வைத்து அழுத்தினார்.

"அப்ப ஹீட்டர் வேண்டாம்," என்றார் டீச்சர்.

"வேண்டாம். எனக்கு அந்த முக்கால் மணி நேரம் போதும். நீ கையெழுத்தும் போட்டுட்ட, பெட்டி இருக்கும்."

"இருக்கட்டும். வெறும் விளக்குக்குக் கனமான லைன் எதுக்கு? மாடிப்படிக்கு அடியில ஒரு பிளக் இருக்கு. பெட்டி இருக்கும்னுதான எழுதியிருக்கீங்க? பின்னறையிலதான் இருக்கும்னு எழுதலையே."

அவர் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு முறை படித்தார். பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார். முத்திரை இல்லை என்று தள்ளுபடி செய்ய வழியில்லை, எழுதியவர் அவரே.

"விதிப்படி சரி," என்றார்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பின்னறையில் மூன்று மெஷின் ஓடுகிறது. இப்போது பதினொரு பெண்கள் படிக்கிறார்கள். டீச்சர் நின்றபடி வெட்டுகிறார். பிரஷர் சார் தினமும் நாலரைக்கு மாடிப்படிக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் போய் ஐந்தே காலுக்கு வெளியே வருகிறார். ஹீட்டர் முத்திரை அப்படியே இருக்கிறது. மூட்டு வலியும் அப்படியே இருக்கிறது. போன மாதம் சொட்டிய குழாய்க்கு அவரே வாஷர் மாற்றினார். நான் அதே மாடி அறையில்தான் இருக்கிறேன். ஜன்னலை இன்னும் சாத்த முடியவில்லை.