பூக்க விடாத ரைஹான்

மோதினார் மாமாவை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவருடைய வலது கைக் கட்டைவிரல் நகம்தான். கறுத்துப்போன நகம். அழுக்கு என்று சொல்ல முடியாது. ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஒளுச் செய்து கழுவிய கை. பச்சிலைச் சாறு ஏறி ஏறிப் படிந்த கறை அது. எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதும், தாமிரபரணிக் கால்வாயை ஒட்டிப் பின்னால் கிடக்கும் மையவாடியில் அடக்கியவர்களின் கபர்களைப் பராமரிப்பதும் அவர் வேலை. அந்தக் கறையை நான் தடயமாகத்தான் பார்த்தேன்.

என் குணம் அப்படி. சவூதியில், தம்மாமில் ஒரு சரக்குக் கிட்டங்கி வாசலில் இருபது வருடம் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதித்தவன் நான். பையில் பொருள் இருந்தால் பிடித்துவிடலாம். ஒன்றும் இல்லாத பைதான் எனக்குக் கூடுதல் சந்தேகம் தரும். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மீன்காரர் தராசையும் நம்பமாட்டேன், மருமகள் போடுகிற தேயிலையையும் நம்பமாட்டேன்.

வாப்பா மவுத்தான அன்று, எங்கள் வழக்கப்படி கபரின் தலைமாட்டில் ஒரு ரைஹான் செடி நட்டேன். திருநீற்றுப்பச்சிலை என்று மற்றவர்கள் சொல்வார்களே, அதுதான். நன்றாகத் தழைத்தது. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறேன், ஒரு பூ இல்லை. கதிர் தலைகாட்டிய இடமெல்லாம் கிள்ளிய காயம். வாப்பாவின் தலைமாட்டில் கைவைத்தது யார்? பள்ளிவாசலை ஒட்டிய மோதினார் வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தேன். ஒரு வரப்பு முழுக்க ரைஹான், நடுநடுவே தும்பை, கற்பூரவள்ளி. எல்லாம் பூத்துக் கிடக்க, தேனீக்களின் இரைச்சல் தெருவரைக்கும் கேட்டது. அதற்குப் பின்னால் பூசணிக்கொடி, பானை பானையாகக் காய். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கபர்ச் செடியின் கதிரைக் கிள்ளிக் கொண்டுபோய், அந்த விதையைத் தன் கொல்லையில் போட்டுத் தேனீக்கு விருந்து வைக்கிறார் மனுஷர்! அந்தப் பூசணியில் ஒன்று போன மாதம் எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தது. தாளிச்சாவில் போட்டபோது இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றவன் நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மையவாடி வாசலில் அவரை நிறுத்தினேன்.

“மாமா, பையக் கொஞ்சம் காட்டுங்க.”

காட்டினார். தண்ணீர் ஊற்றுகிற செம்பு மட்டும் இருந்தது. பிறகு நான் கேட்காமலே இரண்டு கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினார். நகம் கறுத்திருந்தது.

“நாந்தான் கிள்ளுதேன், மருமவனே. பூக்க விட்டா வெத கட்டும். வெத கட்டிட்டா செடி செத்துரும்.”

“உங்க கொல்லையில மட்டும் பூத்துக் கெடக்கு. அது சாவலியே?”

“அதுஞ் சாவத்தான் செய்யுது. தேனி வந்தாத்தான பூசணி பிடிக்கும்? அதுக்காவ விடுதேன். செத்தா மறுக்க வெதைக்கேன். இங்கன யாரு வெதைப்பா? அடக்குன அன்னைக்கு நடுதாவ, பெறவு யாரு வாரா?”

வாரம் தவறாமல் வருகிற என்னிடமே இப்படிச் சொல்கிறாரே என்று சுருக்கென்றது. நேரே ஜமாஅத்தில் போய்ச் சொன்னேன். திருட்டு என்ற சொல்லை முதலில் எடுத்தவன் நான்தான். வேலையை விட்டு, கொல்லையோடு சேர்ந்த அந்த வீட்டை விட்டு அவரை அனுப்பிவிடலாமா என்பதுவரை பேச்சுப் போனது. கடைசியில், இனி மையவாடியில் எந்தச் செடியையும் தொடக்கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவரும் தொடவில்லை.

வாப்பாவின் செடி பூத்தது. ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். தேனீக்கள் வந்து, துஆவுக்கு ஏந்திய என் கைகளைச் சுற்றிப் பறந்தன. பிறகு கதிர்கள் பழுத்துப் பழுப்பாயின. பிசான நெல் அறுப்பு முடிவதற்குள் செடி விறகாகிவிட்டது. மையவாடி முழுக்க அப்படித்தான், வரிசை வரிசையாகக் காய்ந்த குச்சிகள். அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு பிடி விதையைத் தாளில் மடித்துத் தந்தார்.

“நீங்களே வெதச்சுக்கிடுங்க. நான் தொடக்கூடாதுல்லா.”

குரலில் குத்தல் இருக்கிறதா என்று அப்போதும் தேடினேன். இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம், வெள்ளிக்கிழமை கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நோன்பு பிறப்பதற்குள் அவர் மவுத்தாகிவிட்டார்.

இப்போது வாப்பாவின் செடியை நான் கிள்ளுகிறேன். நான்கு வரிசை தள்ளியிருக்கும் மாமாவின் கபரில் மட்டும் பூக்க விடுகிறேன். தேனீ வரட்டும். செத்தால் மறுபடி விதைக்க நான் இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை, ஆள் வராத ஒரு கபரில் கதிர் கிள்ளிக்கொண்டிருந்தபோது, கத்தாரிலிருந்து விடுப்பில் வந்த ஒரு இளைஞர் பின்னால் வந்து நின்றார். அது அவருடைய உம்மாவின் கபராம்.

“மாமா, இங்கன என்ன கிள்ளுதிய?”

சொல்ல வேண்டிய பதில் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கறுத்த கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன்.