அத்தை குடியிருந்த தெரு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் தெருவே தும்மும். சாயல்குடிப் பேருந்திலிருந்து இறங்கும் தகப்பன்மார், அரிசிச் சிப்பத்தோடு மிளகாய்வற்றல் மூட்டையையும் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையாக வருவார்கள். ஆள் வருமுன்னே அந்த நெடி வந்து எங்கள் மூக்கில் ஏறிவிடும். சாயங்காலப் பேருந்தில் அவர்கள் திரும்பிவிட்டால், அடுத்த ஞாயிறு வரை தெருவில் மீசைக்காரர் ஒருவரையும் பார்க்க முடியாது.

ராமநாதபுரத்தின் ஓரத்தில், வடக்கே பல்கலைக்கழக வளாகத்து மதில், மேற்கே தண்ணீர் காணாத கண்மாய், தெற்கே பேருந்துச் சாலை என்று மூன்று பக்கமும் அடைபட்ட தெரு அது. கிழக்கு வரிசையான கீழச்சிறகில் முஸ்லிம் வீடுகள். அந்த வீட்டு ஆண்களெல்லாம் "சபுராளிகள்", அதாவது கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர்கள். எதிர்வரிசையான மேலச்சிறகில் எங்களைப் போன்ற வாடகைக் குடிகள். நிலத்தையும் ஆடுமாட்டையும் விட்டுவர முடியாத சம்சாரிகள், பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே ஒரு வீடு பிடித்து, சோறாக்கிப் போட ஒரு பெண்ணை அமர்த்துவார்கள். அதற்குப் "படிப்பு வீடு" என்று பெயர். அண்ணன் வளாகத்துக் கல்லூரியிலும் நான் ஆறாம் வகுப்பிலும் படித்த எங்கள் படிப்பு வீட்டில் சோறாக்கியவள், புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட அய்யாவின் தங்கை, பஞ்சவர்ணம் அத்தை.

அய்யாவுக்கு ஒரே பயம். "எவன் வந்து கேட்டாலும் ஊர்ப்பேரைச் சொல்லுங்க. இங்கன எழுதிட்டா அங்கன பேரை அடிச்சுருவாய்ங்க" என்பார். ஊர் ரேஷன் அட்டையில் பெயர் போனால் கோயிலுக்கு வரி கொடுக்கும் உரிமையும் போய், திருவிழாவில் பங்கும் போய்விடும் என்று மேலச்சிறகு முழுக்க நம்பியது.

புது ரேஷன் அட்டைக்காக வீடு வீடாக ஆள் எழுத வந்தவரிடம் வாசலில் நின்று பதில் சொன்னது நான்தான். அத்தை தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போயிருந்தாள். "இங்கன யாரும் இல்ல சார், நாங்கல்லாம் ஊரு" என்றேன் பெரிய மனுஷி போல. எனக்குப் பின்னால் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். அதே வாரம் ஊரில் அம்மா, அய்யாவையும் தன்னையும் எங்கள் இருவரையும் எழுதச் சொன்னாள். அத்தையை விட்டதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை; அவள்தான் டவுனில் இருக்கிறாளே என்று நினைத்திருக்கிறாள். அப்படி அத்தை இரண்டு இடத்திலும் இல்லாமல் போனாள். அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் படித்து முடித்து ஆளுக்கொரு திசையில் போனோம். அத்தை ஊருக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கார அம்மாள் இருந்தவரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த அம்மாள் காலமானபின் மகன் வீடுகளை இடித்து, மாணவர்களுக்கென்று மூன்று மாடி கட்டினான். அவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அத்தை இருக்கிறாள். கொட்டகைக்குக் கதவு எண் கிடையாது.

இப்போது அவள் வயிற்றில் கட்டி. அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை செய்யலாம், அதற்கு ரேஷன் அட்டையில் பெயர் வேண்டும். ஆதாரில் இருப்பது ஊர் முகவரி. ஊரில் விசாரித்தால், இந்த அம்மா இங்கே குடியிருந்து பல வருஷம் ஆயிற்றே என்கிறார்கள். டவுன் அலுவலகத்தில், இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்கிறார்கள். உறவுக்காரர் எழுதித் தருவது செல்லாதாம், அக்கம்பக்கத்தார் எழுத வேண்டுமாம்.

அக்கம்பக்கத்துக்கு எங்கே போவேன்? மேலச்சிறகுப் பெண்கள் பிள்ளைகளின் படிப்பு முடிந்ததும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கீழச்சிறகும் விடுதிகளாகிவிட்டது. மாடியிலிருந்து எட்டிப்பார்த்த பையன் போன மாதம்தான் வந்தானாம். வீட்டுக்கார அம்மாள் மகனோ, பின்னால் வில்லங்கம் வரும் என்று கையை விரித்துவிட்டான்.

கொட்டகைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். உறவுக்காரர் எழுதினால் செல்லாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நீ இங்கன வளந்த பிள்ளதான தாயி. நான் இருந்தேன்னு நீ ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா ஏத்துக்கிற மாட்டாகளா?"

தாளை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தை அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு, கசங்காமல் மடித்து, நாளைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.