தோடி தாங்கிய கிட்டார்

டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊரில் ஸ்டாப் சைன் முன்னால் ஒரு வண்டி நின்று, இடப்பக்கம் பார்த்து, வலப்பக்கம் பார்த்து, மறுபடி இடப்பக்கம் பார்த்து, பின்னால் இருப்பவன் ஹார்ன் அடிக்கும்வரை நகராமல் இருந்தால், உள்ளே இருப்பவர் வெங்கடகிருஷ்ணன் என்று தைரியமாகச் சொல்லலாம். தைரியம் நம்முடையது. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

குரோம்பேட்டையில் பிறந்து, ஒரு ப்ராஜெக்டின் வாலைப் பிடித்துக்கொண்டு டெக்சாஸ் வந்து, வீடு வாங்கி, ஒரு பெண்ணைப் பெற்று, கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் முதுகாவது தெரியும். இதில் அதுவும் தெரியாது. உத்தியோகம், கம்ப்யூட்டர்களைச் சோதிப்பது. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பொருள்களை அருகருகே வைத்து, எது எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் சம்பளம். சம்பளம் இல்லாத நேரத்திலும் அதையேதான் செய்வார். மனைவி ஸ்வர்ணா புது பிராண்ட் நல்லெண்ணெய் வாங்கிவந்தால், பழையதையும் புதியதையும் இரண்டு இட்லிக்கு ஊற்றி, தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

பயமில்லாத ஒரே இடம் எலெக்ட்ரிக் கிட்டார். கல்லூரி ஹாஸ்டலில் கற்றுக்கொண்டது. அங்கேயும் முழுக்கப் பயமில்லை என்று சொல்லிவிட முடியாது; பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஹெட்ஃபோனில்தான் வாசிப்பார். வீட்டில் இருப்பவர்கள் கேட்டதெல்லாம் தந்தியின் டிக் டிக் சத்தம் மட்டும். பல்லி கத்துகிறது என்று மகள் ஷ்ரேயா சின்ன வயதில் நினைத்திருக்கிறாள்.

இந்த மனிதரை வம்பில் மாட்டிவிட்டவர் நெய்னா முகம்மது. ஊரில் ஹலால் இறைச்சிக்கடையும் மளிகையும் வைத்திருப்பவர், பழைய சிட்டிசன், கிட்டார் சேகரிப்பவர். வாசிக்கத் தெரியாது. ஒரு பிரபல கலைஞர் கேட்டபடி அளவெடுத்துச் செய்து, அவர் கையெழுத்தைத் தலையில் பொறித்து விற்கிற கிட்டாரில் இரண்டு வாங்கி வைத்திருந்தார். ஒன்று அமெரிக்காவில் செய்தது. மற்றது இந்தோனேசியாவில் செய்தது. அதே உடம்பு, அதே நீலம், அதே கையெழுத்து.

"ரெண்டுல எது நல்லது பாய்?" என்று கேட்டார் வெங்கடகிருஷ்ணன்.

"அதச் சொல்லத்தான் ஒன்னக் கூப்ட்டேன். எனக்கு கறி வெட்டுற சத்தத்துலயே காது போச்சு. எடுத்துட்டுப் போ. மெதுவாக் குடு."

தூக்கத்தில் நடப்பவனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்த மாதிரி ஆயிற்று. வெங்கடகிருஷ்ணன் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தார். முதலில் சுத்தமான ஸ்வரம். அமெரிக்கக் கிட்டாருக்கு அடிவயிற்றுக் குரல். பெரிய வித்வான் மாதிரி ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. இந்தோனேசியக் கிட்டார் சற்று மூக்கால் பாடியது. ஆனால் அதன் குமிழை மேலே இழுத்தால், தடித்த குரல் பாதியாக மெலிந்து, பழைய சினிமாப் பாட்டின் இடையிசையில் வருமே, அந்தக் கண்ணாடிச் சத்தம் வந்தது. அமெரிக்கக் கிட்டாரிலும் அதே குமிழ் உண்டு. இழுத்தால் சத்தம் குறைந்ததே தவிர ஆள் மாறவில்லை. இரைச்சலை ஏற்றி வாசித்ததில் இரண்டும் சமம்.

கடைசிச் சோதனை உலகத்தில் வேறு யாரும் செய்யாதது. தோடி. அந்த ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. தந்தியை இழுத்து இழுத்து ஆட்டினால்தான் அது காந்தாரம். ஆட்டி முடித்தபின் தந்தி சுருதிக்குத் திரும்பி வருகிறதா என்பதே கேள்வி. இந்தோனேசியக் கிட்டார் சமர்த்தாகத் திரும்பி வந்தது. அமெரிக்கக் கிட்டார் கழுத்தின் உச்சியில் தந்தி உட்காரும் காடியில் சிக்கிக்கொண்டு, ஒரு மயிரிழை இறங்கி நின்றது.

கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதது சோதனைக்காரர்களின் வியாதி. முகம் தெரியாமல் கைகளை மட்டும் காட்டி வீடியோ எடுத்தார். சேனலைத் தன் பெயரில் ஆரம்பிக்கப் பயம். விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: சந்தேகமான எதையும் இங்கே பிறந்து சிட்டிசனான குழந்தையின் பெயரில் போட்டுவிடுவது. அப்படியாக, பதிமூன்று வயது ஷ்ரேயாவின் பெயரில், மணிக்கட்டுவரை முடி அடர்ந்த இரண்டு கைகள் கிட்டார் வாசித்து, இந்தோனேசியக் கிட்டாரே மேல் என்று ஆங்கிலத்தில் ஆண்குரலில் தீர்ப்பு வழங்கின. கிட்டார் உலகம் கொண்டாடியது.

ஆகஸ்ட் மாதம் வாசலில் ஆளுயரப் பெட்டி ஒன்று வந்து நின்றது. மேலே ஷ்ரேயா பெயர்.

"இதென்னடி?" என்றாள் ஸ்வர்ணா.

"கிட்டார் ஷாப்மா. அவங்க அட்ரஸ் கேட்டாங்க. ஐ கேவ் இட்."

பக்கத்து ஊரான ஜார்ஜ்டவுனில் இருக்கும் கடை. வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து எல்லோரும் அந்த இந்தோனேசியக் கிட்டாரையே கேட்கிறார்களாம். நன்றியாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை வந்து இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார் முதலாளி டேல்.

ஸ்வர்ணா பெட்டியைத் தொடவில்லை. ஒரு அடி பின்னால் போனாள். "வெங்கி, நீ வாசிச்ச. அவன் கூலி குடுத்திருக்கான். எச்-ஒன் விசால இருந்துக்கிட்டு கம்பெனிக்கு வெளிய கூலி வாங்கலாமா?"

"கிஃப்ட்டுதானே."

"சனிக்கிழமை வந்து வாசின்னு சொல்றானே. கிஃப்ட் குடுக்கறவன் அப்படிச் சொல்வானா?"

அக்டோபரில் ஸ்வர்ணாவின் தம்பிக்குச் சென்னையில் கல்யாணம். போனால் அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டிக்கொண்டுதான், அதாவது ஸ்டாம்பிங் செய்துகொண்டுதான், திரும்ப முடியும். சமூக வலைப்பக்கங்களைத் திறந்து வையுங்கள், பார்ப்போம் என்று விசா அதிகாரிகள் விதி போட்டிருக்கிற காலம். ஸ்டாம்பிங்குக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டு, இங்கே வீடும் காரும் பள்ளிக்கூடத்தில் குழந்தையும் கிடக்கத் தவிக்கிறவர்களின் கதைகளை ஊர் தூங்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

வெங்கடகிருஷ்ணன், 'என் நண்பர் ஒருவருக்கு' என்று ஆரம்பித்து வாட்ஸப் குழுவில் கேட்டார். அந்தக் குழுவில் எல்லோருக்கும் அப்படி ஒரு நண்பர் உண்டு. 'நான் வக்கீல் இல்லை, ஆனால்' என்று ஆரம்பித்து ஆளுக்கொரு தீர்ப்பு வந்தது. வீடியோவை உடனே அழிக்கச் சொன்னார் ஒருவர். அழித்தால் எதையோ மறைக்கிறோம் என்று ஆகிவிடும், தொடவே கூடாது என்றார் இன்னொருவர். பிளசன்டன் என்ற ஊரில் இருக்கும் ஒருத்தர் வீடியோவைத் தேடிப்பிடித்து முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, 'உங்க நண்பர் அமெரிக்கப் பொருள் மட்டம்னு பப்ளிக்கா சொல்லியிருக்காரே' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அதைப் படித்ததும் வெங்கடகிருஷ்ணன் அறைக் கதவைச் சாத்தினார். வீடியோவைத் தானே போட்டுப் பார்த்தார். "அமெரிக்கக் கிட்டார் சுருதிக்குத் திரும்பவில்லை" என்று அவர் குரலே நிதானமாகச் சொன்னது. தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் விசா அதிகாரி இதைக் கேட்பது போல் நினைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். இன்னும் மோசமாக இருந்தது.

கம்பெனி வக்கீலைக் கேட்கலாம். கேட்டால் கம்பெனிக்குத் தெரியும்.

பெட்டி கராஜில் இருந்தது. டெக்சாஸ் ஆகஸ்டில் கராஜ் என்பது கதவு வைத்த அடுப்பு. உள்ளே மரம் வளையும், பசை இளகும் என்று அவருக்குத் தெரியும். அடிக்கடி போய், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் போல் அட்டையைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் தாங்காமல் வீட்டுக்குள் தூக்கிவந்தார்.

"உள்ள கொண்டுவந்தா வாங்கிக்கிட்ட மாதிரி," என்றாள் ஸ்வர்ணா.

"திறக்கலையே."

"இத அந்த ஆபீசர்கிட்ட சொல்லு."

நெய்னா முகம்மதுக்குப் போன் போட்டார். பின்னணியில் கறி வெட்டும் சத்தம் கேட்டது. "அட, திருப்பிக் குடுத்துட்டு வாயேன்யா. ஒரு பலகைக்கும் ஆறு கம்பிக்குமா இந்தப் பாடு? ஒங்க ஆளுங்க பயப்படறதப் பாத்தா எனக்கே பாஸ்போர்ட் பத்திரமா இருக்கான்னு தோணுது."

சனிக்கிழமை பெட்டியைப் பின் சீட்டில் படுக்கவைத்து சீட் பெல்ட் போட்டார். சட்டப்படி உரிமையாளர் என்பதால் ஷ்ரேயாவும் கூட வந்தாள். வழியெல்லாம், "அப்பா, ஜஸ்ட் டெல் ஹிம். ஒய் ஆர் யூ ஸோ ஸ்கேர்ட்?" என்று கேட்டாள். ஸ்டாப் சைன்களில் மட்டும் பேசாமல் இருந்தாள்.

கடையில் டேல் இரண்டு கிட்டார்களையும் தயாராக நிறுத்தி வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் சிலர் காப்பியும் கையுமாக நின்றார்கள். டேல் ஷ்ரேயாவைப் பார்த்தார், பிறகு அவள் அப்பாவின் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. வெங்கடகிருஷ்ணன் அவற்றை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"இதை நான் வாங்கிக்கொள்ள முடியாது. பெட்டியைத் திறக்கவில்லை," என்றார்.

"பிடிக்கவில்லையா? நீங்கள்தானே இதுவே மேல் என்றீர்கள்."

பிடிக்கவில்லை என்றால் பொய். பிடித்தது என்றால் கூலி. விசா என்ற சொல்லைக் கடையில் இத்தனை பேர் நடுவே வாயில் எடுக்க அவரால் முடியவில்லை. தேடித் தேடி ஒரே ஒரு பாதுகாப்பான வாக்கியம் கிடைத்தது.

"முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்."

டேலுக்குப் புரியவில்லை. இலவசமாக அனுப்பிய பொருளை ஒருவன் சுமந்துவந்து காசு கொடுக்கிறேன் என்று மன்றாடுவதை அவர் பார்த்ததில்லை. ஆனால் வியாபாரி. கார்டைத் தேய்த்தார், ரசீதைக் கொடுத்தார். அந்த நிமிஷத்திலேயே வெங்கடகிருஷ்ணனின் முகம் மாறியது. உழைக்கிறவனிடம் ஆயிரம் கேள்வி கேட்கும் இந்த நாடு, வாங்குகிறவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கும்: பை வேண்டுமா?

"வாங்குகிறவர்கள் எல்லாரும் வாசித்துப் பார்ப்பார்களே. நீங்கள் பார்க்கவில்லையா?" என்றார் டேல்.

அது வேலையில்லை. எந்த வாடிக்கையாளரும் செய்வது. வெங்கடகிருஷ்ணன் அதை மனசுக்குள் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்தார். பெட்டியைத் திறந்து தன் கிட்டாரை எடுத்தார். கழுத்து வளையவில்லை. ஹெட்ஃபோன் இல்லை, ஆம்ப்ளிஃபயரில் சொருகி, குமிழை இழுத்து, தோடியை ஆரம்பித்தார்.

ஷ்ரேயா தன் அப்பா வாசிப்பதை அன்றுதான் நேரில் கேட்டாள். காந்தாரம் கடைக் கண்ணாடிகளில் அதிர்ந்து, ஏறி, இறங்கி, நிற்க இடமில்லாமல் அலைந்தது. காப்பிக் கோப்பைகள் பாதியில் நின்றன. "இது என்ன மொழி?" என்று யாரோ பக்கத்திலிருப்பவரைக் கேட்டார்கள். வெங்கடகிருஷ்ணனின் தோள்கள் இறங்கின. கண் மூடியிருந்தது.

தொப்பி வைத்த ஒருவர் நல்ல எண்ணத்தோடு போனை உயர்த்தினார்.

ஷ்ரேயா அதைப் பார்த்தாள். பயந்துபோகிற வழக்கமில்லாத பெண், இங்கே பிறந்தவள், வரும் வழியெல்லாம் கேலி செய்தவள், குறுக்கே போய் போனுக்கு முன்னால் நின்றாள். உள்ளங்கையை விரித்து லென்ஸை மறைத்தாள்.

"நோ வீடியோ, ப்ளீஸ்," என்றாள். குரல் அவள் அம்மாவினுடையது போல் இருந்தது.

தொப்பிக்காரர் மன்னிப்புக் கேட்டு போனை இறக்கினார். அதற்குள் வெங்கடகிருஷ்ணன் கண்ணைத் திறந்திருந்தார். இழுத்த தந்தியை விட்டுவிட்டு, கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"மற்றதையும் வாசித்துப் பாருங்களேன்," டேல் அமெரிக்கக் கிட்டாரை நீட்டினார். "காடியைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். இப்போது திரும்புகிறதா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்."

வெங்கடகிருஷ்ணன் அதைத் தொடவில்லை. கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "அது ரொம்ப நல்ல கிட்டார்," என்று சொல்லிவிட்டு, பெட்டியை இடுக்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து வெளியே நடந்தார்.