மேலே போன கல்

கணக்கை ஒருமுறை வாசித்ததும் ரூக்ஷார் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். கேள்வியில் ரயில் ஓடினால் என் கடைக்குள்ளேயே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பார். சாய்தளம் என்றால் அட்டையைச் சாய்த்து வைத்துப் பேனா மூடியை உருட்டுவார். "கொஞ்சம் நகருங்கண்ணா, பிரேக் போடப்போறேன்" என்பார், ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம். அந்த மனிதரும் நிஜமாகவே நகர்ந்து நிற்பார்.

பிள்ளையார்பாளையத்தில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ரூக்ஷார் பட்டுப்புடவை முந்தானைக்குக் குச்சம் கட்டுகிறவர். பெரிய பையன் பத்தாவது முடித்த பிறகு, தபால் வழியில் பி.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறார். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாக வந்து உட்காருவார். யோசிக்கும்போது துப்பட்டா ஓரத்து நூலைப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பார், பாவம் அந்தத் துப்பட்டா. புத்தகத்தின் கடைசியில் விடை இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன். "கிளைமாக்ஸ நீங்களே சொல்லிட்டா நான் எதுக்குண்ணா டிக்கெட் எடுக்கணும்?" என்று ஒரே போடாகப் போட்டார்.

சென்ற வாரம் கடைசி வீட்டுப்பாடம். மாலை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் இந்த வருடம் பரீட்சை கிடையாது. மாமியார் படுக்கையில் விழுந்ததில் ஏற்கெனவே ஒரு வருடம் போய்விட்டது. இன்னொன்று போனால் வீட்டில் படிப்பையே நிறுத்திவிடுவார்கள்.

நாற்பத்தைந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட எத்தனை விநாடி ஆகும்? அதற்கு ப்ரோக்ராம் எழுதவேண்டும். எழுதி ஓடவிட்டார். மூன்று என்று வந்தது. சரியான விடை என்று திரையில் பச்சை டிக்கும் விழுந்தது. அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

அவர் அனுப்பவில்லை. ஒவ்வொரு விநாடியும் கல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தார். எண்கள் வந்தன. பூஜ்யம், ஐந்து, இருபது, நாற்பத்தைந்து.

"யா அல்லா! கல்லு மேல போய்க்கினு இருக்குதுண்ணா!"

கீழே விழவேண்டிய கல் தரையிலிருந்து கிளம்பி ஆகாயத்துக்குப் போயிருக்கிறது. தூரம் அதே தூரம் என்பதால் நேரமும் அதே மூன்று விநாடி.

"எங்க போனா என்னம்மா? விடை மூணுதானே? அனுப்பிடும்மா, மணி அஞ்சாவப்போவுது!" நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன்.

"அவங்க நம்பிடுவாங்கண்ணா. நான் எப்டி நம்புறது?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை இந்த மெஷின்களில் அனுப்பியிருக்கிறேன். பச்சை டிக்கைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரு ஜீவனை அன்றுதான் கண்டேன். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா! கெஞ்சலாமென்று இன்னொருமுறை வாயெடுத்தேன். "ஷ்ஷ்" என்றார்.

எழுதிய அத்தனை வரிகளையும் ஒன்றாகத் தேர்வு செய்து அழித்தார். டிக்கும் சேர்ந்து போயிற்று. வெறும் திரையின் முதல் வரியில், கல் புறப்படும் உயரம் நாற்பத்தைந்து என்று தட்டத் தொடங்கினார்.