படைப்பதற்கு முன் எடுத்து வைத்த பங்கு

மோட்டார் போட்டுவிட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது டேனியல் தம்பியின் நம்பரிலிருந்து போன் வந்தது. "என்ன தம்பி, ரயில் ஏறியாச்சா?" என்றேன். வேறு யாரோ பேசினார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் மயங்கி விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். "நீங்க அவருக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்கள். "ஹவுஸ் ஓனர்" என்றேன். அதற்குள் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. போய் மோட்டாரை நிறுத்தினேன். அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

செம்பாக்கத்தில் நம் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எங்கள் மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுச் சர்ச்சுக்குப் போவார். குடிவந்த புதிதில் பௌர்ணமிப் பொங்கலை அவருக்குக் கொண்டுபோனேன். வாங்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்கக்கா. சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடறதில்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கீழே வந்து யோசித்தேன். அடுத்த பௌர்ணமிக்குப் படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்தேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்தார்.

"பௌர்ணமியில எனக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான்க்கா. நிலா வெளிச்சத்துல எங்க டெலஸ்கோப்புக்கு மங்கலானது எதுவும் தெரியாது. எனக்கு அமாவாசைதான் விசேஷம்."

"நல்லா இருக்கே! வேதக்காரர் வீட்டுல அமாவாசையா!" என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அப்படித்தான் அவர் வேலை என்னவென்று தெரிந்தது. வடக்கே ஏதோ மலைமேல் ஒரு டெலஸ்கோப்பாம். பக்கத்தில் ஆளே இல்லையாம். தானே கூரையைத் திறந்து, தானே திரும்பி, வானத்தைப் படம் பிடிக்குமாம். எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் புரோகிராமை எழுதியவர்களில் இவரும் ஒருவர். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ஜிஎஸ்டி ரோட்டுல எங்கயோ ரெண்டு வண்டி மோதின அதிர்ச்சி மட்டும் உங்க வீட்டு ஜன்னலுக்கு வருதுன்னு வச்சிக்குங்க. மோதினது இரும்புலியூர்லயா, மறைமலை நகர்லயா, தெரியாது. கண்ணாடித் தூளக் கூட்டி அள்றதுக்குள்ள ஒவ்வொரு இடமா போய்ப் பார்க்கணும். அதான் என் வேலை."

வண்டிக்குப் பதில் எரிந்து சுருங்கிப்போன நட்சத்திரங்கள். ஜன்னலுக்கு வரும் அதிர்ச்சிக்கு ஈர்ப்பு அலை என்று பெயர். மோதிய இடத்தில் ஒரு வெளிச்சம் சில நாள் இருந்து மங்கிப்போகுமாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளையாருக்கு வேண்டிக்கொள்கிறேன் என்றேன். "யார்கிட்ட வேணா கேளுங்கக்கா. மலைமேல மேகம் வரக்கூடாதுன்னு கேளுங்க, போதும்" என்றார்.

ஒரு காலையில் படி அதிர இறங்கி வந்தார். "அக்கா, பழைய படத்துல இல்லாத ஒரு புள்ளி! சரியான இடத்துல இருக்கு!" உறுதியாகவில்லை என்றும் சொன்னார்தான். என் காதில் அது ஏறினால்தானே! பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டு, பெரிய குண்டானில் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். இதைப் படிக்கும் தெருக்காரர்கள் உங்களில் பலர் வாங்கிச் சாப்பிட்டீர்கள். மறுநாள் படத்தில் அந்தப் புள்ளி நகர்ந்திருந்தது. நம் சூரியனைச் சுற்றும் ஏதோ ஒரு கல்லாம்.

அன்று சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு கேட்டாகப் போய் நின்றார். "நேத்து பொங்கல் கொடுத்தாங்கல்ல, அது நாங்க தேடினது இல்லீங்க." நான் பின்னாலேயே போனேன். இஸ்திரி வண்டிக் குமார் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டான்: "இன்னா சார் நீ, துன்ன பொங்கல் செரிச்சே பூட்ச்சு. இப்ப வந்து இல்லன்றியே!" எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். எனக்குத்தான் மானம் போனது.

"யாரு தம்பி கேட்டாங்க? பேசாம விட வேண்டியதுதானே?"

"சந்தோஷத்த வாங்கிக்கிட்டாங்கல்லக்கா. இல்லன்னும் நாமதான் சொல்லணும். அங்க தேடினோம், இல்லன்னு எழுதி அனுப்பிட்டேன். அடுத்தவங்க அந்த இடத்த விட்டுட்டு வேற இடம் பார்ப்பாங்க. அதுவும் வேலைதான்."

அடக்கம் திருநெல்வேலிப் பக்கம் அவர் ஊரில் நடந்தது. நான் போகவில்லை. பிறகு ஒரு பௌர்ணமியன்று பொங்கலை இறக்கியதும் கை தன்னால் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது கேட் சத்தம் கேட்டது. அவருடைய அம்மா, அறையைக் காலி செய்ய வந்திருந்தார்.

மாடியில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவரிடம் கிண்ணத்தைக் கொண்டுபோனேன். "படைச்சதாம்மா?" என்று கேட்டார். "இல்லம்மா. முன்னாடியே எடுத்தது." வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

"எத்தனை வருசம் இதே நெனப்பா இருந்தான். வீட்டுக்கு வந்தாலும் போனையே பாத்துக்கிட்டு இருப்பான். உங்ககிட்ட எல்லாம் சொல்வானாமே. அவன் தேடுனது கிடைச்சுதாம்மா?"

கிடைத்தது என்று சொல்லிவிடலாம். பெற்றவளுக்கு ஆறுதலாக இருக்கும். சாமி குத்தமும் ஆகாது. யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சாயங்காலம் அவர் ஒவ்வொரு கேட்டிலும் நின்றது கண்முன் வந்தது.

"கிடைக்கலம்மா" என்றேன். "தேடின இடத்துல இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காரு. இனி தேடறவங்க அங்க தேட வேண்டியதில்ல."

அந்த அம்மா மடியிலிருந்த கிண்ணத்தைக் கையில் எடுத்தார். "அவங்கப்பாவும் இப்படித்தான். இல்லன்னா இல்லன்னு முகத்துக்கு நேரா சொல்லிருவாரு" என்றார். பிறகு பொங்கலைச் சாப்பிட்டார், ஆறிப்போயிருந்தது.

மாடிக்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது. பௌர்ணமிதோறும் கிண்ணத்தில் ஒரு பங்கு முதலில் எடுத்து வைக்கிறேன். "யாருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன். தம்பி எனக்கு விட்டுப்போனது அதுதான்.