எஸ்தர் அக்காவின் ஊற்று

எஸ்தர் அக்காவின் ஊற்றை உப்பாக்கியது நாங்கள்தான். சென்னையிலிருந்து பாம்பன் பக்கத்து மீனவர் குப்பத்துக்கு ஊழியம் செய்யப் போன வாலிபர் குழு. மோட்டார் குழாயை மணலுக்குள் இறக்கியவர்களில் நானும் ஒருவன்.

அக்கா இறந்த செய்தி திங்கட்கிழமை மதியம் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. மாரடைப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூடவே வந்த படத்தின் மேல்தான் சந்தேகம். மோட்டார் பக்கத்தில் அக்கா நிற்கிறார். மகிழ்ச்சியோடு சிரிக்கிறார் என்று கீழே எழுதியிருந்தார்கள். உண்மையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நான் அங்கே இருந்தேன். அதற்கும் கீழே ஓர் அறிவிப்பு. கடலாடி பக்கம் கடற்கரை ஊர் ஒன்றில் அக்காவின் தங்கை வாழ்கிறார். அங்கே இருக்கும் ஊற்றிலும் அக்காவின் நினைவாக எங்கள் குழு மோட்டார் வைக்கப்போகிறதாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்த சபையாரும், குழுவில் வந்தவர்களும் அதற்குள் இதைப் படித்துவிட வேண்டும்.

முதல் வருடம் நாங்கள் வேனிலிருந்து இறங்கியபோது சபையே வாசலில் நின்று பாடியது. மாலை போட்டார்கள். நண்டுக்குழம்பு வைத்தார்கள். நாங்கள் சுவருக்கு வெள்ளையடித்தோம், பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தோம், வியர்த்தது என்று தினமும் இரண்டு வேளை குளித்தோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் பாசி எடுக்கும் எஸ்தர் அக்கா, எங்களுக்காக வேலைக்குப் போகாமல் பனைகளுக்கு நடுவே மணலில் தோண்டிய ஊற்றில் உட்கார்ந்து, சிரட்டையால் மோந்து மோந்து குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் எங்களிடம் வந்து நேராகவே சொன்னார்.

“கடல்ல குளிங்கப்பா. மேலுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்திக்கங்க. நாங்க அப்படித்தான் வாழுறோம், நாறியா போயிட்டோம்?”

சிரித்துவிட்டு மறுபடி குளித்தோம். அன்று மாலை ஜெபத்தில் எங்கள் குழுத் தலைவர் அழுதார். இந்தக் காலத்திலும் பெண்கள் சிரட்டையால் தண்ணீர் அள்ளுகிறார்களே என்று அழுதார். நாங்களும் அழுதோம். சிரட்டையைப் பார்த்ததும் வறுமை என்று முடிவு செய்துவிட்டோம்.

அடுத்த வருடம் மோட்டாரோடு போனோம். குழாய் இறக்குவதற்கு முந்தைய நாள் சபையில் கூட்டம். பெண்கள் வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். நல்ல தண்ணீர் மேலாக மட்டும்தான் நிற்கிறது, அடியில் இருப்பது கடல், ஊறிய மட்டும் மெதுவாக மோந்தால்தான் அது இனிப்பாக இருக்கும் என்று விளக்கினார். போதகருக்கு முகம் சுண்டிவிட்டது. வந்த விருந்தாளிகள் மனம் நோகக் கூடாது என்ற கவலை அவருக்கு.

“எஸ்தர், ஆண்டவர் காரியத்துக்குக் குறுக்க நிக்காதம்மா.”

“ஆண்டவருக்குக் குறுக்க நிக்கல பாஸ்டர். மோட்டாருக்குக் குறுக்க நிக்கிறேன்.”

நாங்கள் கைதட்டினோம். அவர் பேச்சு அவ்வளவு அழகாக இருந்தது. கைதட்டிவிட்டு மறுநாள் குழாயை இறக்கினோம். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எல்லாரும் நனைந்துகொண்டு படம் எடுத்தோம்.

மூன்றாம் வருடமும் அதே பாட்டு, அதே மாலை. தண்ணீர் எப்படி என்று கேட்டோம். நல்லா இருக்கு என்று சபை முழுவதும் சொன்னது. எங்களுக்கு வைத்த குடத்துத் தண்ணீரும் இனிப்பாகவே இருந்தது. கோயிலுக்குப் பின்பக்கம் ஒதுங்கப் போனபோது பனையோலைக்கு அடியில் காலித் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். கடையில் வாங்கி, நாங்கள் பார்க்காதபோது குடத்தில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் மோட்டார் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார்.

“குடி தம்பி. ஒங்க ஊழியம்.”

வாயில் வைக்க முடியவில்லை. கரித்தது.

“பிறகு ஏன்க்கா எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க?”

“வந்தவுகள்ட்ட வேற என்ன சொல்லுவாக?”

“நீங்களாவது சொல்லலாம்ல.”

“சொன்னேன்ல போன வருசம். கை தட்டுனீக.”

அதன்பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் போயும் ஊற்றின் உப்பு தெளியவில்லை. பெண்கள் தார்ச்சாலை வரை நடந்து லாரித் தண்ணீருக்குக் குடம் வைக்கிறார்கள். அக்கா சாகும்வரை அந்த வரிசையில் நின்றார். வரிசையில் நிற்பவர்களை நாங்கள் ஒருநாளும் படம் எடுக்கவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது அவருடைய தங்கையைப் பார்த்தேன். உங்கள் ஊரில் யாராவது மோட்டார் கேட்டீர்களா என்றேன்.

“எங்க ஊத்து நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அக்கா பேரச் சொல்லி வாராக. செத்தவ பேரு. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?”

உயிரோடு இருந்தபோது அவர் ஒருவர்தான் வேண்டாம் என்றார். இப்போது வேண்டாம் என்று யாருமே சொல்ல முடியாதபடி அவர் பெயரையே முன்னால் வைத்துக்கொண்டு போகிறோம். இது திட்டமிட்டுச் செய்ததா, யோசிக்காமல் செய்ததா என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்காமல்தான் என்று நம்பவும் முடியவில்லை.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தச் சந்தேகத்தைத்தான். இனி யாராவது வாசலில் நின்று என்னைப் பாடி வரவேற்றால், எதைச் சொல்லாமல் விழுங்குகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். அவர்களை விட, என்னைப் பற்றித்தான் அதிகம் சந்தேகப்படுவேன்.

தலைவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் குழுவில் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறுதல் வசனங்கள் வருகின்றன, கைகூப்பும் பொம்மைகள் வருகின்றன. இங்கேயும் கேட்கிறேன். தங்கை ஊரில் மோட்டார் வேண்டும் என்று கேட்டது யார்? ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்.